எண்பது நிமிடத் தேர்வும் இரண்டாண்டு உழைப்பும்

மைசூருவின் யாதவகிரிப் பகுதியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு 2016ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதைக் காண வரும் மாணவர்களுள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பை முடித்த நாராயண், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் முறை தேறவில்லை. ஓராண்டு வீட்டிலிருந்து படிப்பதும் எழுதுவதுமாகக் கழித்தபின், 1926இல் தேர்ச்சி பெற்று மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய தந்தையார் அதே ஊரில் பள்ளித் தலைமையாசிரியர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், அவ்வோராண்டு அந்த வீட்டில் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

நூறாண்டுகள் கடந்தும் நுழைவுத் தேர்வு மைசூருவின் இல்லங்களை விட்டு அகலவில்லை. வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது. சரஸ்வதிபுரத்திலும் குவெம்புநகரிலும் விஜயநகரிலும், பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே குடும்பங்கள் கணக்குப் போடத் தொடங்கிவிடுகின்றன. எந்த பி.யு.சி. கல்லூரி, எந்தப் பயிற்சி மையம், இரண்டாண்டுகளுக்கு எவ்வளவு பணம்? வங்கிக் கிளைகளில் வைப்பு நிதியை முன்கூட்டியே முடிக்க வரும் பெற்றோர் பலரும் சொல்லும் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே, தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பதோடு, எந்தத் தேர்வுக்கு எவ்வளவு செலவிடுவது என்பதையும் சேர்த்தே பேசுவது பொருத்தமாகும்.

பொறியியற் கல்வி இவ்வூருக்குப் புதிதன்று. சர் எம். விசுவேசுவரய்யா 1912 முதல் 1918 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த காலத்தில்தான், 1913இல் மைசூர் வங்கியும், 1916இல் மைசூர் பல்கலைக்கழகமும், 1917இல் பெங்களூரில் பொறியியல் கல்லூரியும் தோன்றின. வங்கியும் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் நான்காண்டு இடைவெளிக்குள் பிறந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. மைசூரு நகரிலேயே 1946இல் தேசியப் பொறியியல் நிறுவனமும், 1963இல் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. பின்னது 2016 முதல் ஜே.எஸ்.எஸ். அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிறது. உள்ளூர் மாணவர் ஒருவர் நல்ல பொறியியல் கல்லூரிக்காகக் கட்டாயம் வெளியூர் செல்ல வேண்டும் என்ற நிலை இங்கு இல்லை. இதைப் பல பெற்றோர் ஐ.ஐ.டி. என்ற மூன்றெழுத்தின் ஒளியில் மறந்துவிடுகின்றனர்.

எந்த வாயில்?

கர்நாடகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் முன் மூன்று முதன்மையான வாயில்கள் உள்ளன. முதலாவது, தேசிய அளவிலான ஜே.இ.இ. மெயின், அதில் முன்னணியில் வரும் இரண்டரை லட்சம் பேரே ஐ.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை எழுதலாம். இரண்டாவது, கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் சி.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வு. மூன்றாவது, தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் கோமெட்கே தேர்வு.

2024ஆம் ஆண்டில் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவ்வாண்டு 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபின், ‘ஐ.ஐ.டி. அல்லது ஒன்றுமில்லை’ என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது துணிவாகாது. முயலக் கூடாது என்பதன்று இதன் பொருள். முயற்சியின் பெரும்பகுதி எந்த வாயில் திறக்க வாய்ப்புள்ளதோ அதை நோக்கி இருக்க வேண்டும் என்பதே. மைசூரு மாணவர்களுள் பெரும்பாலோருக்கு அது சி.இ.டி.தான்.

சி.இ.டி.யின் கணக்கைப் பலர் சரியாக அறிந்திருப்பதில்லை. பொறியியல் தரவரிசையில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பாதி எடை, இரண்டாம் பி.யு.சி.யில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்று பாடங்களின் மதிப்பெண்ணுக்குப் பாதி எடை. நுழைவுத் தேர்வு 180க்கு, பி.யு.சி. பாடங்கள் 300க்கு. இரண்டும் தலா 50ஆக மாற்றப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக இரு மாணவர்களைக் கொள்வோம். முதலாமவர் பி.யு.சி.யில் 285, சி.இ.டி.யில் 100 பெறுகிறார். இரண்டாமவர் பி.யு.சி.யில் 255, சி.இ.டி.யில் 118 பெறுகிறார். முதலாமவருக்கு 47.50உம் 27.78உம் சேர்ந்து 75.28. இரண்டாமவருக்கு 42.50உம் 32.78உம் சேர்ந்து அதே 75.28. அதாவது, பி.யு.சி.யில் விட்ட 30 மதிப்பெண்ணை ஈடுகட்ட, நுழைவுத் தேர்வில் கூடுதலாக 18 வினாக்களுக்குச் சரியான விடையளிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி வகுப்புகளை ஒப்புக்கு வைத்துக்கொண்டு பயிற்சி மையத்திலேயே பொழுது முழுவதையும் கழிக்கும் வழக்கம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை இக்கணக்கு காட்டும். இயற்பியல், வேதியியல் செய்முறைத் தேர்வுகளுக்கு மட்டும் தலா 30 மதிப்பெண்கள் உள்ளன. ஆய்வகக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதிப் பெறக்கூடிய மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அதே அளவு பயனைத் தேடி மாதிரித் தேர்வுகளுக்குப் பணம் கட்டுவது வீண்.

ஒரு வினாவுக்கு எண்பது நொடி

சி.இ.டி.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் 60 வினாக்கள், 80 நிமிடங்கள். ஒரு வினாவுக்குச் சரியாக 80 நொடி. அதற்குள் வினாவைப் படித்து, கணக்கிட்டு, விடைத்தாளில் வட்டத்தை நிரப்பவும் வேண்டும். ஆழ்ந்த சிந்தனையைவிடப் பழகிய கையே இங்குப் பெரிதும் உதவும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் ஒரு வட்டத்தையும் வெறுமையாக விடலாகாது. முதல் சுற்றில் தெரிந்தவற்றை முடித்து, இரண்டாம் சுற்றில் நேரமெடுக்கும் கணக்குகளுக்குச் சென்று, கடைசி ஐந்து நிமிடத்தை எஞ்சிய வட்டங்களுக்கென ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை வீட்டிலேயே, கடிகாரத்தை முன்வைத்து, பலமுறை செய்து பார்த்தால்தான் தேர்வறையில் அது இயல்பாக வரும்.

ஜே.இ.இ. மெயின் வேறொரு குணமுடையது. மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள்; சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறைவு. ஒரு வினாவுக்கு 144 நொடி கிடைக்கிறது என்பதிலிருந்தே அதன் கடினம் விளங்கும். இரண்டையும் எழுதவிருக்கும் மாணவர்கள் தொடக்கத்தில் ஜே.இ.இ. தரத்தில் கருத்துகளைக் கற்று, ஏப்ரலில் ஜே.இ.இ.யின் இரண்டாம் அமர்வு முடிந்ததும் சி.இ.டி.யின் வேகத்துக்குக் கையைப் பழக்குவது நடைமுறைக்கு ஏற்றது. தமிழ்வழியில் சிந்திக்கும் மாணவர்களுக்கு ஒரு தகவல்: ஜே.இ.இ. மெயின் 2021 முதல் தமிழ், கன்னடம் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்தப்படுகிறது.

பாடநூலைப் பொறுத்தவரை குழப்பத்துக்கு இடமில்லை. கர்நாடக பி.யு.சி. அறிவியல் பிரிவு என்.சி.இ.ஆர்.டி. நூல்களையே பின்பற்றுகிறது. ஆகவே ஒரே நூல் பொதுத் தேர்வுக்கும், சி.இ.டி.க்கும், ஜே.இ.இ. மெயினுக்கும் அடித்தளமாகிறது. ஆயினும் எச்சரிக்கை தேவை. 2024 ஏப்ரலில் நடந்த சி.இ.டி.யில், நீக்கப்பட்ட பகுதிகளிலிருந்து வினாக்கள் வந்ததாகப் பெரும் முறையீடு எழுந்தது. நான்கு பாடங்களிலும் சேர்த்து 50 வினாக்கள் பாடத்திட்டத்துக்குப் புறம்பானவை என்று கண்டறியப்பட்டு மதிப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டன. அந்த வினாக்களில் மூழ்கி நேரத்தை இழந்த மாணவர்களுக்கு அந்த நிமிடங்களை எவரும் திருப்பித் தர இயலவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் வழி புலப்படாத வினாவைக் கடந்து செல்லும் மனத்திடமும் பயிற்சியால் வருவதே.

பயிற்சி மையம் தேவையா என்று கேட்போருக்கு ஒரே விடை கூற இயலாது. நல்ல ஆசிரியர் வாய்த்த கல்லூரி மாணவருக்குத் தேவையில்லை. தனித்துப் படிக்கத் திணறும் மாணவருக்கு ஒழுங்கைத் தரும். ஆனால் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். மத்தியக் கல்வி அமைச்சகமும் ஐ.ஐ.டி. கான்பூரும் இணைந்து 2023இல் தொடங்கிய ‘சாத்தி’ இணையதளத்தில் பாடங்களும் மாதிரித் தேர்வுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

பணம் கட்ட முடிவு செய்தால், 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பயிற்சி மைய நெறிமுறைகளை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பதினாறு வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது. தரவரிசை உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது. முழுக் கட்டணம் செலுத்திய மாணவர் இடையில் விலகினால், எஞ்சிய காலத்துக்குரிய தொகையைப் பத்து நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பன அவற்றுள் சில. இரண்டாண்டுக் கட்டணத்தையும் முதல் நாளிலேயே செலுத்தினால் சலுகை என்று கூறும் இடங்களில் நிதானம் நன்று. தவணையாகச் செலுத்திய பணத்தை நிறுத்துவது எளிது. மொத்தமாகச் செலுத்தியதைத் திரும்பப் பெறுவது அரிது.

மைசூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு

பணியிட மாற்றத்தால் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே நகரும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. சி.இ.டி. வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் பெறத் தாய்மொழி தடையன்று. ஆனால் முதல் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யு.சி.யை இங்கேயே முடித்திருக்க வேண்டும் என்பது முதன்மைத் தகுதி. பாதுகாப்புப் படையினர், மத்திய அரசு ஊழியர் முதலியோரின் பிள்ளைகளுக்குத் தனி விதிகள் உள்ளன. ஒன்பதாம் வகுப்பில் ஊர் மாறுவதற்கு முன்பே ஆண்டுகளை எண்ணிப் பார்த்துக்கொள்வது பின்னாளில் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

மற்றொரு வாயிலும் இவர்களுக்குத் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1984 முதல் இருந்துவந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007இல் நீக்கப்பட்டது. அதன்பின் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே பொறியியல் சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் படித்தவர்கள், இருப்பிடச் சான்றிதழ் பெற்று அக்கலந்தாய்வில் பங்கேற்கலாம். பி.யு.சி. மதிப்பெண்ணைக் குறைத்து மதிப்பிடாமல் படித்த மாணவருக்கு இது கூடுதல் நன்மை. சான்றிதழைத் தேர்வு முடிவுக்குப் பின் தேடாமல் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

தரவரிசை வந்தபின் நடக்கும் கல்லூரித் தெரிவும் ஒருவகைத் தேர்வே. கர்நாடகத் தேர்வு ஆணையம் முதலில் மாதிரி ஒதுக்கீட்டை வெளியிடுகிறது. அதைக் கண்டு விருப்பப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். உண்மையான ஒதுக்கீட்டில், கிடைத்த இடத்தை ஏற்பது, ஏற்றுக்கொண்டே மேலான இடத்துக்குக் காத்திருப்பது, விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குச் செல்வது, முற்றிலும் விலகுவது என்று நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்துக் கையிலிருந்த இடத்தையும் இழப்பவர்கள் உண்டு. அவசரத்தில் மாணவரை மட்டும் கணினி முன் அமர்த்திவிடாமல், பெற்றோரும் உடனிருந்து அவ்வாண்டின் விதிகளைப் படிப்பது நலம். சி.இ.டி. இடத்துக்கும் கோமெட்கே இடத்துக்கும் ஒரே கல்லூரியிலேயே கட்டணம் கணிசமாக வேறுபடும் என்பதையும் பட்டியலிடும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இனி, கடன். கல்விக்கடன் கல்லூரிப் படிப்புக்கானது. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கானதன்று. எனவே கையிருப்பு முழுவதையும் பயிற்சிக்கே செலவிட்டு, கல்லூரிக்கு முழுவதும் கடனை நம்பும் குடும்பம் இருமுறை சுமக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், பட்டியலிடப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்வோருக்குப் பிணையும் ஜாமீனும் இன்றிக் கடன் கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதிருப்பின், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. கடன் விண்ணப்பத்துக்குத் தரவரிசைச் சான்று, ஒதுக்கீட்டு ஆணை, கட்டண விவரம், வருமானச் சான்று ஆகியவை வேண்டும்.

பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை. ஆனால் வட்டி வளர்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வீதம் நான்காண்டுகள் கடன் பெற்று, தனிவட்டி 10 சதவீதம் என்று கொண்டால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாயாகியிருக்கும். அதையே அவ்வப்போது செலுத்திவந்தால் முதலாண்டில் மாதம் 833 ரூபாய், இரண்டாமாண்டில் 1,667 ரூபாய், மூன்றாமாண்டில் 2,500 ரூபாய் என்ற அளவிலேயே அமையும். பல வங்கிகள் இவ்வாறு வட்டியை உடனுக்குடன் செலுத்துவோருக்கு வட்டி விகிதத்திலும் சிறு குறைப்பு அளிக்கின்றன. கடன் கையெழுத்தாகும் நாளிலேயே இதைக் கிளை அலுவலரிடம் கேட்டு, தானியங்கிப் பற்று ஆணையை எழுதிக் கொடுத்துவிடலாம்.