வெட்டிய படத்தை ஒட்டவைத்த இசைக்குறிப்பு

கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதியை நீட்டினால் மிருதங்கக்காரர் அனுசரித்துக்கொள்வார். ஓடும் படம் யாரையும் அனுசரிக்காது. ஊமைப்படத்துக்கு மேடையில் நேரடியாக வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவின் பாடு இதுதான். நடத்துநர் ஒரு கண்ணைத் திரையிலும் மறு கண்ணை இசைக்குறிப்பிலும் வைத்துக் கோலை அசைக்கிறார். திரையில் கதவு அறைந்து சாத்தப்படும்போது முரசின் அடி விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இந்தக் கவனம் சிதறாமல் இருப்பதை நான் பெருவித்தை என்றே சொல்வேன்.

அந்தக் காலத்துச் சின்னக் கொட்டகைகளுக்கு ஒரு பியானோக்காரரே போதும். பெரிய படங்களுக்குத்தான் தனியாக இசை எழுதுவார்கள். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு எழுதியவர் காட்ஃப்ரீட் ஹுப்பர்ட்ஸ். தொழிலாளர் கொந்தளிக்கும் காட்சியில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடலான மார்செயேஸின் மெட்டு பீறிட்டு வரும். மரணத்தின் உருவம் தோன்றும்போது இறந்தோர் வழிபாட்டுக்குரிய பழைய இலத்தீன் பாசுரத்தின் மெட்டு கேட்கும்.

1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் வெளியான படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஏறத்தாழ கால்வாசியை வெட்டி எறிந்தார்கள். வெட்டிய சுருள்கள் காணாமல் போயின. ஹுப்பர்ட்ஸின் இசைக்குறிப்பு தப்பியது. எந்த ஸ்வரம் ஒலிக்கும்போது திரையில் என்ன நடக்க வேண்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் எழுதிவைத்திருந்தார். நடத்துநரின் வசதிக்காக எழுதிய அந்தச் சிறு குறிப்புகள்தான் பிற்காலத்தில் படத்துக்கே சாட்சியாயின. எந்தக் காட்சிக்குப் பின் எது வரும், அது எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அவற்றிலிருந்து கணக்கிட முடிந்தது.

2008இல் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் கீறல் விழுந்த 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று கிடைத்தது. அதில், தொலைந்ததாகக் கருதப்பட்ட சுமார் 25 நிமிடக் காட்சிகள் இருந்தன. அவற்றை இடம் பார்த்துப் பொருத்த இசைக்குறிப்பு வழிகாட்டியது. 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லினில் ஃபிராங்க் ஷ்ட்ரோபெல் நடத்த, பெர்லின் வானொலி சிம்பொனி இசைக்குழு நேரடியாக வாசிக்க, மீட்டெடுத்த படம் திரையேறியது.

இன்னும் சில துண்டுகள் கிடைக்கவில்லை. கதைமாந்தர்களான ஃபிரெடர்சனும் ராட்வாங்கும் மோதும் சண்டை அவற்றில் ஒன்று. அந்த இடத்தில் திரையில் நடந்ததை விவரிக்கும் வரிகள் மட்டும் வருகின்றன. சண்டையை ஆர்கெஸ்ட்ராதான் நடத்திக் காட்டுகிறது.