செருகுநிரல்களின் புணர்ச்சியும் பிணக்கும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் ரெங்கம். குளுவாங்கிலிருந்து தெற்கே ஜொகூர் பாருவை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே செல்கின்றது. ஜொகூர் மாநிலத்தை ஊடறுத்துச் செல்லும் அப்பாதை 1909-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1,000 மில்லிமீட்டர். இந்தியாவின் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர் அகலம் உடையது. இரண்டும் தத்தம் அளவில் குறைவற்ற பாதைகளே. எனினும் ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. பழுது வண்டியில் இல்லை, பாதையிலும் இல்லை, இரண்டும் கூடும் இடத்தில் உள்ளது.

இணையத்தளங்களைத் தாக்கும் கேடுகளுள் பெரும்பகுதி இத்தகையதே. தனித்தனியே நன்கு இயங்கும் இரண்டு உறுப்புகள் ஒரு தளத்தில் ஒருங்கே அமர்த்தப்பட்டவுடன் பிணங்குகின்றன. அப்பிணக்கு எவ்வாறு எழுகின்றது, அதன் முதலை எவ்வாறு தேடிக் காண்பது என்பவை தமிழாசிரியர்களும் அறிந்திருக்கத் தக்கவை. ரெங்கம் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் பள்ளிக்கோ கோயிலுக்கோ மன்றத்துக்கோ தளம் அமைப்பவர் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே. பொறியாளரை அமர்த்திக்கொள்ளும் வசதி அரிது. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கின்றது. தோட்டத்தில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பழைய ஆண்டுமலரும் நிழற்படமும் விழாக்குறிப்பும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன என்றால், அவ்விடம் பல வேளைகளில் அத்தளமே ஆகும். பிணக்கைத் தீர்க்கத் தெரியாதவர் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் தொடங்குவாரானால், அழிவது வெறும் தளமன்று. ஓர் ஊரின் நினைவு.

செருகுநிரல் என்பது யாது?

உலகிலுள்ள இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குகின்றன. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் அதனை வெளியிட்டனர். எல்லாருக்கும் வேண்டிய எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் திணித்தல் இயலாது. ஆதலின் 2004-ஆம் ஆண்டு வெளிவந்த 1.2-ஆம் பதிப்பில், பிறர் எழுதிய சிறு நிரல்களை மூலத்தோடு இணைத்துக்கொள்ளும் வழி அமைக்கப்பட்டது. அச்சிறு நிரலே செருகுநிரல். நிழற்படக் கோவை, விண்ணப்பப் படிவம், நாட்காட்டி, காவல் என ஒவ்வொரு பணிக்கும் ஒன்று உண்டு.

மூலநிரல் தன் ஓட்டத்தின் இடையிடையே கொக்கிகள் சிலவற்றைத் தொங்கவிட்டுள்ளது. செருகுநிரல்கள் அக்கொக்கிகளில் தம்மை மாட்டிக்கொள்கின்றன. கொக்கிகள் இருவகைப்படும். ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது தம்மையும் அழைக்குமாறு கேட்பது ஒன்று; ஓர் உரை திரையை அடையும் முன் தம் கைவழியே சென்று திருந்திச் செல்லுமாறு கேட்பது மற்றொன்று. ஒரே கொக்கியில் பலர் மாட்டிக்கொண்டால் யார் முந்துவது என்பதற்கு ஒரு வரிசையெண் உண்டு. எண் குறைந்தது முந்தும். எண் எதுவும் குறிக்காதவற்றுக்கெல்லாம் 10 என்பதே எண். இந்நிரல்களை எழுதியோர் உலகின் வெவ்வேறு மூலைகளில் வாழ்பவர். ஒருவரை ஒருவர் அறியாதவர். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு ஒரே கொக்கியில் தொங்கும் என்பதை எழுதும்போது எவரும் அறியார்.

புணர்ச்சி இலக்கணம் காட்டும் வழி

தமிழாசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. நிலைமொழியும் வருமொழியும் தனித்து நிற்கையில் எம்மாற்றமும் இல்லை. கூடும்போதுதான் இயல்பாகவோ விகாரமாகவோ அமைகின்றன. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று வகைப்படும். செருகுநிரல்களின் கூட்டத்திலும் இம்மூன்றையும் காணலாம்.

பூ, கொடி என்பன கூடிப் பூங்கொடி ஆகும்போது இல்லாத ஓர் எழுத்துத் தோன்றுகின்றது. அதுபோல, தேடுபொறிகளுக்குத் தளத்தை அறிமுகப்படுத்தும் செருகுநிரல்கள் இரண்டை ஒருவர் சேர்த்து அமைத்தால், ஒவ்வொரு பக்கத்திலும் அறிமுகக் குறிப்பு இரண்டு முறை தோன்றும். படம் பெரிதாகக் காட்டும் நிரல்கள் இரண்டு இருந்தால் ஒரு படம் இருமுறை திறக்கும்.

பொன், குடம் என்பன பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து வேறாகத் திரிகின்றது. உரையைத் திருத்தும் செருகுநிரல்கள் இரண்டு ஒரே கொக்கியில் இருக்கும்போது, முன்னது திருத்தித் தந்ததையே பின்னது பெறுகின்றது. மூல உரையை எதிர்பார்த்து எழுதப்பட்ட பின்னது, திரிந்த உரையைக் கண்டு தடுமாறுகின்றது. வரிசையெண்ணை மாற்றிய அளவில் நீங்கும் பிணக்குகள் இவ்வகையினவே.

மரம், வேர் என்பன மரவேர் ஆகும்போது ஓர் எழுத்துக் கெடுகின்றது. இரு செருகுநிரல்கள் தம்முள் ஒரு செயற்கூற்றுக்கு ஒரே பெயரை இட்டுவிட்டால், அப்பெயரை இரண்டாம் முறை காணும் கணினி இயக்கத்தையே நிறுத்திவிடும். திரை வெண்மையாகவோ வெறும் பிழைச்செய்தியாகவோ நிற்கும். பக்கங்களை விரைந்து தருதற்காகச் சேமித்து வைக்கும் செருகுநிரல்கள் இரண்டை அமைப்பதும் இத்தகையதே. அப்பணிக்கென மூலநிரல் ஒதுக்கிய கோப்பு ஒன்றே. ஒன்று எழுதியதை மற்றொன்று அழிக்கும்.

இவையன்றி, அடிநிலம் மாறுவதால் எழும் கேடும் உண்டு. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.5-ஆம் பதிப்பு இதற்குத் தக்க சான்று. ஜேகுவரி என்னும் நிரல் நூலகத்தின் பழைய வழக்குகளைப் புதிய பதிப்பிலும் செல்லுமாறு செய்துவந்த துணைநிரல் ஒன்று அப்பதிப்பில் நிறுத்தப்பட்டது. பழைய வழக்கையே நம்பியிருந்த செருகுநிரல்கள் பல ஒரே நாளில் முடங்கின. நிறுத்திய துணைநிரலைத் திரும்பத் தருதற்கென்றே ஒரு செருகுநிரலை வேர்ட்பிரஸ் குழுவினர் வெளியிட நேர்ந்தது.

தமிழுக்கே உரிய பிணக்கு

ஆங்கிலத் தளத்தில் ஒருபோதும் தோன்றாத பிணக்குகள் தமிழ்த் தளத்தில் தோன்றுவதுண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கணினியில் ஒரு பைட்டு இடமே வேண்டும். ஒருங்குறியில், யுடிஎஃப்-8 என்னும் முறைப்படி, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள். எடுத்துக்காட்டாக, ‘தமிழ்ப்பள்ளி’ என்னும் சொல்லில் எழுத்துகள் 7, குறியீடுகள் 12, பைட்டுகள் 36.

ஒரு செருகுநிரல் கட்டுரையின் முதல் 100 பைட்டுகளை வெட்டி முன்னோட்டமாகத் தருகின்றது என்று கொள்க. இடைவெளியற்ற தமிழ்த்தொடரானால் 33 குறியீடுகள் 99 பைட்டுகளில் அடங்கும். எஞ்சிய ஒரு பைட்டு, அரையாகவும் இன்றி மூன்றில் ஒரு பங்காக வெட்டுண்ட எழுத்தின் துணுக்கு. அம்முன்னோட்டத்தைக் கைப்பேசிச் செயலிக்கு அனுப்பும் வேறொரு செருகுநிரல், சிதைந்த துணுக்கைக் கண்டு முழுச்செய்தியையும் கைவிட்டு வெறுமையை அனுப்புகின்றது. பிழை வெளிப்படுவது இரண்டாவதில். பிழை செய்தது முதலாவது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த இருவருக்கும் இது தெரியாது.

பக்க முகவரியிலும் இத்தகைய இடர் உண்டு. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு ஒதுக்கிய இடம் 200. தமிழ்க் குறியீடு ஒன்று முகவரியில் எழுதப்படும்போது 9 இடம் கொள்ளும். எனவே 22 குறியீடுகளுக்கு மேல் தலைப்பு அறுபடும். ‘தமிழ்ப்பள்ளி’ என்னும் ஒரு சொல்லே 108 இடத்தை எடுத்துக்கொள்கின்றது. தலைப்பு முழுவதும் முகவரியில் உள்ளது என நம்பும் செருகுநிரல் இங்கே வழி தவறும்.

முதல் காணும் முறை

பிணக்கைத் தீர்க்கப் புகுவோர் முதற்கண் செய்யத்தக்கது படியெடுத்தல். கோப்புகள், தரவுத்தளம் ஆகிய இரண்டையும் வேறோர் இடத்தில் காத்துவைத்த பின்னரே எதனையும் தொடுதல் வேண்டும். அடுத்து, கடைசியாக மாறியது யாது என்று வினவுதல். புதுப்பித்தது, சேர்த்தது, வழங்கியில் மாற்றியது ஆகியவற்றை நாளிட்டு எழுதிய குறிப்பேடு ஒன்று இருக்குமாயின் பாதி வேலை முடிந்தது எனலாம். 2019-ஆம் ஆண்டின் 5.2-ஆம் பதிப்பு முதல், தளத்தை முடக்கும் பிழை நேர்ந்தால் நிர்வாகிக்கு மின்னஞ்சல் செல்லும். அதிலுள்ள இணைப்பின் வழியே பழுதுற்றதை மட்டும் நிறுத்தி உள்ளே நுழையலாம். பிழைப்பதிவுக் கோப்பை இயக்கினால் எக்கோப்பில் எவ்வரியில் இடர் என்பதும் தெரியும். ஆயினும் பதிவு சுட்டுவது விழுந்தவனையே. தள்ளியவன் வேறாக இருக்கலாம் என்பது மேற்கூறிய எடுத்துக்காட்டால் விளங்கும்.

இனி, எல்லாச் செருகுநிரல்களையும் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். உள்ளே நுழையவே இயலாதபோது, ‘பிளகின்ஸ்’ என்னும் கோப்புறையின் பெயரை வழங்கியில் மாற்றிவைத்தால் அனைத்தும் நின்றுவிடும். ஈண்டு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நிறுத்துதல் வேறு, நீக்குதல் வேறு. நிறுத்திய செருகுநிரலின் அமைப்புகளும் தரவுகளும் பொதுவாக அப்படியே இருக்கும். நீக்கும்போதோ, பல செருகுநிரல்கள் தாம் சேர்த்த தரவுகளையும் உடன் அழித்துச் செல்லும். பதிவுகள் இழக்கப்படுவது பெரும்பாலும் பிணக்கால் அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட அவசரத்தாலேயே.

அனைத்தையும் நிறுத்திய பின்னும் கேடு நீங்காவிடின், அது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவிலோ மூலநிரலிலோ வழங்கியிலோ உள்ளது. நீங்கினால், செருகுநிரல்களுள் தேடுதல் வேண்டும். 16 செருகுநிரல்கள் இருப்பின் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதைவிடப் பாதிபாதியாகப் பிரிப்பது விரைவு. எட்டை மட்டும் இயக்குக. கேடு தோன்றினால் அவ்வெட்டில், இன்றேல் மற்ற எட்டில். பின்னர் நான்கு, இரண்டு, ஒன்று எனக் குறைத்தால் நான்கே சோதனைகளில் குற்றவாளி அகப்படும்.

ஆனால் கேட்டை விளைப்பது ஒன்றன்றி இரண்டின் கூட்டமாயின் இம்முறை திகைக்க வைக்கும். முதல் எட்டும் நன்கு இயங்கும். இரண்டாம் எட்டும் நன்கு இயங்கும். பதினாறும் கூடினால் மட்டும் கேடு. இருவரும் இரு பாதிகளில் ஒளிந்துள்ளனர் என்பது பொருள். அப்போது முதல் எட்டை முழுதும் இயங்கவிட்டு, இரண்டாம் எட்டைப் பாதிபாதியாகச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மூன்று சோதனைகளில் ஒருவர் அகப்படுவார். இரண்டாம் எட்டில் அவரை மட்டும் இயங்கவிட்டு முதல் எட்டைப் பிரித்தால், மேலும் மூன்று சோதனைகளில் அடுத்தவர் அகப்படுவார். முதலிற் செய்த இரண்டையும் கூட்ட, சோதனைகள் 8. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்ப்பதாயின் 16 செருகுநிரல்களுக்கு 120 சோடிகள் ஆகும்.

இச்சோதனைகளை வாசகர் கண்முன் நடத்தல் தகாது. தளத்தின் படி ஒன்றைத் தனியே அமைத்துச் சோதிப்பது நன்று. ‘ஹெல்த் செக்’ என்னும் இலவசச் செருகுநிரல் நிர்வாகியின் பார்வைக்கு மட்டும் மற்றவற்றை நிறுத்திக் காட்டும். வாசகர் காணும் தளம் மாறாது.

தீர்வும் கடமையும்

குற்றவாளிகள் அகப்பட்டபின் வழிகள் சில. இரண்டையும் புதுப்பித்தல், புதுப்பித்ததனால் கேடு வந்ததாயின் முந்தைய பதிப்புக்குத் திரும்புதல், ஒரே பணியைச் செய்வனவாயின் ஒன்றை விடுதல், வேறொன்றைத் தேர்தல். இவற்றோடு அமைவோரே பலர். ஆயின் இறுதியான கடமை ஒன்று எஞ்சுகின்றது. எப்பதிப்பில், எச்செருகுநிரலோடு கூடியபோது, எத்தமிழ்ச் சொல்லால் கேடு விளைந்தது என்பதை ஆக்கியோனுக்கு எழுதி அறிவித்தல் வேண்டும்.

தமிழுலகம் இதனினும் பெரிய பிணக்கு ஒன்றைக் கண்டு கடந்துள்ளது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியேற்றம் வகுத்துக்கொண்டன. ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை ஆக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். அறிஞர் பலர் பொதுக் குறியேற்றம் காண முயன்றது அக்காலத்தே. 1999-இல் சென்னையிலும், 2000-இல் சிங்கப்பூரிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. தனித்தனி அளவுகளில் ஓடிய வண்டிகள் ஒரே அளவுக்கு வந்தது கூடிப் பேசியதனால்.

செருகுநிரல்களுக்கும் அதுவே வழி. தமிழில் எழுதிச் சோதிப்போரும், கண்ட பிழையைத் தெளிவாக எழுதி அறிவிப்போரும் இல்லையேல், ஆக்கியோர் தமிழை நினைவிற் கொள்ளார். ரெங்கத்தில் ஓராசிரியர் எழுதி அனுப்பும் ஒரு பிழைக்குறிப்பு, யாழ்ப்பாணத்திலும் டர்பனிலும் உள்ள தமிழ்த் தளங்களின் கேட்டையும் நீக்க வல்லது.