மீண்டும் நடக்கப் பழகுகிறேன்

முப்பது வயதைத் தாண்டிய பெண் கைத்தடியோடு நடந்தால், காம்பாரில் எதிரே வருபவர்கள் முதலில் கேட்பது, “விழுந்துட்டியாம்மா?” அடுத்தது, “ஸ்ட்ரோக்கா?” எனக்கு இரண்டும் இல்லை. இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளரான நான், மருத்துவ விடுப்பில் மூன்று மாதமாக அம்மா வீட்டில் தங்கி பிசியோதெரபி செய்து வருகிறேன்.

இது என்ன நோய்?

நரம்பை மின்கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்புக்கு மயலின் என்ற உறை உண்டு. கிருமியோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையையே தாக்குகிறது. மூளையின் கட்டளை காலுக்குத் தாமதமாகப் போகிறது. சில சமயம் போய்ச் சேருவதே இல்லை. 1868-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதைத் தனி நோயாக விளக்கினார். உலகில் 28 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் உள்ளது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கும்.

காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாமல், புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது மறுதாக்கம். எனக்கு இடது கால் மரத்து, பாதம் தரையில் இழுபட்டது. ஈப்போவில் மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அது வீக்கத்தைச் சீக்கிரம் தணிக்கும். நடையை நாம்தான் மீட்க வேண்டும்.

ஐந்தடியில் ஏறி இறங்க

பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே, “எங்கே நடக்க ஆசை?” என்று கேட்டார். பழைய பட்டணத்தில், ஜாலான் கோப்பேங் கடைகளின் ஐந்தடியில் என்றேன். கடைக்குக் கடை தரை உயரம் மாறும் இடம் அது. அதற்கேற்பவே பயிற்சி கொடுத்தார். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, குதிகாலை ஊன்றிக் கால்விரல்களை உயர்த்துவது, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நிற்பது. படியேறும்போது பலமான கால் முதலில். இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காய்ச்சலோடும் பெரட்டுக்குப் போனவர். அவருக்கு இந்தச் சிகிச்சையில் புரியாத விஷயம், களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது. எனக்குக் கடினமானதும் அதுதான். பத்து நிமிடப் பயிற்சி, பிறகு ஓய்வு, மறுபடி பத்து நிமிடம். இன்னொன்று, தண்ணீர்கூட அம்மாவே எடுத்து வந்து தருவார். “அவங்களே எழுந்து எடுக்கட்டும்மா” என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன நாளில் அம்மாவின் கண் கலங்கியது. இப்போது நான் நடந்து போய்க் குடிக்கிறேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொள்கிறார்.

ஒரு காலத்தில் இந்நோயாளிகள் உடற்பயிற்சியே செய்யக்கூடாது என்றார்கள். 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வில், 15 வாரம் முறையாகப் பயிற்சி செய்தவர்களின் உடல்வலு கூடியது. அதன்பின் பார்வை மாறத் தொடங்கியது.

வெயில் என்ற எதிரி

உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைதூக்கும். 1890-இல் இதைக் கவனித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் ஊத்தோஃப் பெயரிலேயே அது அழைக்கப்படுகிறது. காம்பார் மதிய வெயிலில் என் கால் துணியாய்த் துவளும்; உடல் குளிர்ந்ததும் சரியாகும். அது புதிய தாக்குதல் அல்ல என்று தெரிந்த பிறகுதான் பயம் குறைந்தது. காலை ஏழு மணிக்குள், விசிறிக்கு முன்னால், பக்கத்தில் குளிர்ந்த நீரோடு பயிற்சியை முடிக்கிறேன்.

கால் முழுதாகத் திரும்புமா என்று மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. முன்னேற்றம் பல மாதம் தொடரலாம் என்றார். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு மீண்டும் திரும்புவது என் அடுத்த இலக்கு.

உங்கள் வீட்டில் இளவயதினருக்கு ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ, கை கால் மரத்து நாள்கணக்கில் நீடித்தாலோ, எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முகம் கோணி, பேச்சுக் குழறி, கை கால் திடீரென்று விழுந்தால் 999-ஐ உடனே அழையுங்கள்.