வீட்டு வாயிலும் தண்டனை வரம்பும்: அமெரிக்க அரசியலமைப்பு வகுக்கும் ஈரெல்லைகள்

குற்றம் புரிந்தவராக ஐயுறப்படும் ஒருவரை அரசு எதிர்கொள்ளும் இரு கட்டங்களை இக்கட்டுரையில் நோக்குகிறோம். ஒன்று, காவலர் அவர்தம் வீட்டுக் கதவைத் தட்டும் வேளை. மற்றொன்று, நீதிபதி தண்டனை விதிக்கும் வேளை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்விரண்டிலும் ஒரே வினாவை எழுப்பியுள்ளது எனலாம்: முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு உரியது?

1970 சனவரியில் நியூயார்க் நகரக் காவலர்கள், கொலை வழக்கொன்றில் பேய்டன் என்பவரைக் கைது செய்ய அவரது இல்லத்திற்குச் சென்றனர். ஐயுறுவதற்குத் தக்க ஆதாரம் அவர்களிடம் இருந்தது, பிடியாணை இல்லை. தட்டியும் கதவு திறக்கப்படாமையால் உடைத்து உட்புகுந்தனர். உள்ளே எவரும் இல்லை. அங்குக் கிடந்த தோட்டா உறை பின்னர் சான்றாக முன்வைக்கப்பட்டது. அம்மாநிலச் சட்டம் அன்று இதற்கு இடமளித்தது. ஆயின், வழக்கமான கைதுக்காகப் பிடியாணையோ இசைவோ இன்றி வீட்டினுள் நுழைவது அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்திற்கு முரணானது என 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனடி நெருக்கடி மட்டுமே விதிவிலக்கு. துரத்துபவரே ஆதாரத்தை எடைபோடலாகாது. நடுநிலை நீதிபதி ஒருவர் அதனைச் செய்தல் வேண்டும் என்பதே பிடியாணையின் அடிப்படை. சிறு குற்றம் புரிந்து தப்பியோடுபவரைப் பின்தொடர்வது ஒன்றே எல்லா வேளையிலும் நெருக்கடியாகிவிடாது என 2021இல் அந்நீதிமன்றம் மேலும் தெளிவுறுத்தியது.

இனி, இரண்டாவது கட்டத்தைக் காண்போம். 1994இல் நியூஜெர்சியில் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டை நோக்கி அப்ரெண்டி என்பவர் துப்பாக்கியால் சுட்டார். அவர் ஒப்புக்கொண்ட குற்றத்திற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். இனவெறுப்பே நோக்கம் என நீதிபதி தாமே முடிவுசெய்து 12 ஆண்டுகள் விதித்தார். முன்னைய தண்டனைப் பதிவு நீங்கலாக, சட்டம் வகுத்த உச்ச வரம்பைத் தாண்டித் தண்டனையை உயர்த்தும் எந்தச் செய்தியும் ஜூரிகள் முன் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையை உயர்த்தும் செய்திகளுக்கும் இந்நெறி 2013இல் விரிவாக்கப்பட்டது. எனினும், சட்ட வரம்பிற்குள் தண்டனையின் அளவைத் தெரிவுசெய்யும் உரிமை நீதிபதியிடமே உள்ளது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. வீட்டு வாயிலில் காவலரைத் தடுக்கும் அரணாக நிற்பவர் நீதிபதி. தண்டனையின்போதோ அவரே ஜூரிகளால் வரையறுக்கப்படுகிறார். எந்தவொரு பதவியும் தனித்து நம்பப்படவில்லை. அப்ரெண்டி வழக்கில் நீதிபதியின் கணிப்பு சரியானதாகவே இருந்திருக்கலாம். அதனை யார், எந்த அளவுகோலால் முடிவுசெய்தார் என்பதே வினாவாயிற்று. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர், ஒரு குடும்பத்தின் வீட்டை நோக்கிச் சுட்டவர் ஆகியோரின் வழக்குகளிலேயே இவ்வுரிமைகள் நிலைபெற்றன. நம் பரிவைப் பெறாதவருக்கும் உரிமை மறுக்கப்படாதபோதுதான் அது அனைவருக்கும் உரியதாகின்றது எனக் கருதுகிறோம்.