வாடகைக்குக் கொடுக்குமுன் எழுதிக் கொள்ளுங்கள்

அனலைதீவில் வீட்டை விட்டுக் கடல் கடந்தோர் பலர். "சொந்தக்காரர்தானே, இருக்கட்டும்" என்று வாய்ச்சொல்லில் சாவி கைமாறுகிறது. சகோதரிகளே, இலங்கைச் சட்டத்தில் உரிமையாளரை ஏற்காமல் 10 வருடம் தடையின்றி ஆண்டவர் காணிக்கே உரிமை கோரலாம். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர் உட்பட, போரால் வழக்கிட முடியாமற் போனவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

அனுமதியோடு குடியிருப்பவர் என்பதற்கு எழுத்தே சாட்சி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டமே இதைக் கேட்கிறது. வாடகை, முற்பணம், தவணை, திருத்த வேலை யாருடையது, தென்னையின் பயன் யாருக்கு (தீவுப் பகுதியில் சண்டை இதிலேதான்!) எல்லாம் அதில் வரட்டும்.

வீடு உங்கள் பெயரில் இருந்தால் கையொப்பமும் உங்களுடையதே. கணவரின் கையொப்பம் மட்டும் போதாது. வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் மூலம் ஒருவரை நியமிக்கலாம்.