நண்டு ஓடும் ரப்பர் பாலும்

பினாங்கு மீன் சந்தைகளில் கழிவாக ஒதுக்கப்படும் இறால், நண்டு ஓடுகளில் கைட்டின் என்னும் உறுதியான நார்ப்பொருள் உண்டு. ஓட்டிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் அது எஞ்சும்.

இதனால் ரப்பருக்கு என்ன பயன்? கைட்டினிலிருந்து பெறும் கைட்டோசான் தூளை ரப்பரில் கலந்து ஆராய்ந்த பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார், 2011இல் முடிவை வெளியிட்டனர். தூள் மிகுந்தபோது ரப்பர் விறைத்ததேயன்றி, இழுவிசை தாங்கும் வலு குறைந்தது.

தூளினும் நுண்ணிய வடிவம் வேறு பலன் தருகின்றது. கைட்டினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால், ஏறத்தாழ 15 நானோமீட்டர் தடிமனுள்ள ஊசிகள் கிடைக்கும். தலைமுடியின் தடிமனில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். 2003இலேயே கோபாலன் நாயரும் அலேன் டுஃப்ரேனும் இவற்றை ரப்பர் பாலில் கலந்து உலர்த்த, ரப்பர் வலுப்பெற்றது. இம்முறைக்குக் கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பால் உதவாது. உறையாத பாலே வேண்டும். அமிலச் செலவும் கழிவுநீர்ச் சிக்கலும் தீரும்வரை தொழிற்சாலைகள் இதனை எளிதில் ஏற்கா எனக் கருதுகிறோம்.