பிளாக்ஸ்பாட்.இன் எங்கே போச்சு?

கொங்கு வட்டாரத்து நடுகல், கல்வெட்டு, பழைய நாணயம் பற்றி இணையத்தில் தேடிப் பாருங்க. நல்ல தகவல் பல நேரம் யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் வலைப்பூவில்தான் கிடைக்கும். ஆனா அடிக்குறிப்புகளில் வரும் அந்த வலைப்பூச் சுட்டிகள் பல இன்னைக்குத் திறக்கிறதில்லை. பல இடங்களில் பதிவு அழியலை, அதுக்குப் போற வழிதான் அடைபட்டிருக்கு. காரணம் ஒரு டொமைன் பெயர்.

2012 ஜனவரி வாக்கில், இந்தியாவில் இருந்து பிளாக்ஸ்பாட்.காம் வலைப்பூவைத் திறந்தால் கூகுள் தானாகவே பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்கு மாற்றிவிட ஆரம்பித்தது. நீக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் பதிவை மறைக்கலாம் என்பது நோக்கம்.

இதில் தேடுபொறிக்கு ஒரு சிக்கல். ஒரே பக்கம் ரெண்டு முகவரியில் இருந்தால், ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு மாதிரி: எது அசல்? அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் 'கெனானிக்கல்' என்ற குறிப்பை வைத்தார்கள். "என் மூல முகவரி .காம்" என்று தேடுபொறிக்கு மட்டும் சொல்லும் குறிப்பு அது. வாசகர் கண்ணுக்குத் தெரியாது.

வாசகர் கண்ணில் பட்டது மேலே இருந்த .இன் முகவரிதான். அதைத்தான் நகலெடுத்துக் கட்டுரையிலும் முகநூலிலும் ஒட்டினார்கள்.

2018-இல் கூகுள் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, .இன் முகவரிகளைத் திரும்ப .காமுக்கே திருப்பியது. 2020-இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரே கூகுள் கையைவிட்டுப் போய், வேறொருவர் பெயரில் பதிவானது. அத்தோடு திசைமாற்றமும் நின்றுபோச்சு.

ஏன் நிற்கணும்? ராஜ வீதியில் இருந்த கடையைக் கிராஸ்கட் ரோட்டுக்கு மாத்தினா, பழைய கடை ஷட்டரில் "இடம் மாறிவிட்டது"ன்னு போர்டு மாட்டுவோம். அந்த ஷட்டர் நம்ம கையில் இருக்கிற வரைக்கும்தான் போர்டும் இருக்கும். திசைமாற்றமும் அப்படித்தான்: பதில் சொல்வது பழைய முகவரியின் சர்வர். பழைய பெயர் போனால் போர்டும் போச்சு.

ஒன்றுக்கு மேல் டொமைன் வச்சிருக்கிறவங்க கவனிக்க வேண்டியது:

1. ஒரு பெயரை மட்டும் முதன்மையாக்குங்க. சைட்மேப்பிலும் கெனானிக்கலிலும் அது மட்டுமே வரணும்.

2. மற்றதுக்கெல்லாம் 301, அதாவது நிரந்தரத் திசைமாற்றம். 302 தற்காலிகம். எல்லாத்தையும் முகப்புக்குத் தள்ளாதீங்க, பழைய பக்கம் அதே புதுப் பக்கத்துக்குப் போகணும்.

3. சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்க.

4. திசைமாற்றத்தைக் குறைந்தது 1 வருஷமாவது வைக்கச் சொல்கிறது கூகுள். அது தேடுபொறிக்கான கணக்கு. அச்சுப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் ஏறிய முகவரியை யாரும் திருத்த முடியாது. அதனால் பழைய பெயரை வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டே இருப்பதுதான் என் கட்சி.

செத்த .இன் சுட்டி ஏதாவது கண்ணில் பட்டால், அதைக் கிளிக் செய்யாதீங்க. முகவரியை நகலெடுத்து, .இன் இருக்கும் இடத்தில் .காம் என்று மாற்றித் திறந்து பாருங்க. உரிமையாளர் நீக்காமல் இருந்தால் பதிவு அங்கேயேதான் இருக்கும். விக்கிப்பீடியா அடிக்குறிப்பில் பார்த்தீங்கன்னா, கையோடு திருத்திவிட்டும் வந்துடுங்க.